ஸ்திரீபார்ட்டும் ராஜபார்ட்டும்: ஆண்மை என்கிற வேஷம் குறித்து

1

என் பெரியப்பா ஏறக்குறைய முப்பது வருஷம் திரௌபதியாக இருந்தவர். செய்யாறு, வந்தவாசிப் பக்கத்துக் கிராமங்களில் சித்திரை, வைகாசியில் பாரதம் வைத்தால் எங்கள் ஜமாவைத்தான் தேடி வருவார்கள். துகில் கூத்தன்று பெரியப்பா சபைக்கு வந்துவிட்டால் அதுவரை சுருண்டு படுத்திருந்த குழந்தைகளையெல்லாம் தாய்மார்கள் எழுப்பி உட்கார வைப்பார்கள். துச்சாதனன் கட்டுகிறவர் புடவையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார். பெரியப்பா விரித்த கூந்தலோடு நின்று அழ ஆரம்பித்தால் சபையே சேர்ந்து அழும். ஊர்ப் பெரியமனுஷன் முதற்கொண்டு எழுந்து வந்து காலில் விழுவார்கள்.

விடிந்ததும் கதை வேறு. தேங்காய் எண்ணெய் போட்டு அரிதாரத்தைத் துடைத்துவிட்டுக் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு வருகிறவரை, ராத்திரி காலில் விழுந்த அதே ஆள், ‘இன்னாடி திரோபத, டீ குடிக்கறயா’ என்று கூப்பிடுவான். நாங்கள் ஊருக்கு ஊழியம் செய்யும் சாதி. ‘டா’ போட்டுக் கூப்பிடுவது அவர்களுக்குப் பழக்கம். பெரியப்பாவுக்கு மட்டும் ‘டி’. அவர் சிரித்துக்கொண்டே டீயை வாங்கிக்கொள்வார். தனிக் குவளையில்தான்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு கலைஞனின் சோகக் கதையாக முடிந்திருக்கும். அப்படி எழுதித்தான் எனக்கும் பழக்கம். ஒருமுறை ஒரு கூட்டத்தில் இதை இப்படியே சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பெரியப்பா வீட்டுக்கு வந்ததும் பெரியம்மாவை அடிப்பார். குழம்பில் உப்பு இல்லை, கோழியைக் கூண்டில் அடைக்கவில்லை, எதிர்த்துப் பேசினாள் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். ஒருநாள் வாய் வீங்கி உட்கார்ந்திருந்த பெரியம்மா என்னிடம் சொன்னது இது: ‘ராத்திரியில அவரு பொம்பளையா நின்னு அழுவறாரு, ஊரே கூட அழுவுது. பகல்ல நெசப் பொம்பள நான் அழுவறேன். எவன்டா கேக்கறான்?’

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முயற்சிதான். பாலடையாளம் என்பது பிறவியில் வருவதல்ல, திரும்பத் திரும்ப நிகழ்த்தி நிலைப்படுத்தப்படுவது என்று ஜூடித் பட்லர் 1990இல் எழுதினார். நம் பத்திரிகைகளில் அதைப் படித்தபோது, ‘அட, இது எங்க பெரியப்பாதானே’ என்று துள்ளினேன். ஆனால் பெரியம்மாவின் வீங்கிய வாய் ஞாபகத்துக்கு வந்ததும் துள்ளல் நின்றது. பெண்மை வேஷம்தான் என்பது அதைக் கட்டிய ஆணின் உடம்புக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஏன் ஒன்றும் மாறவில்லை?

2

ஆண் பெண்வேஷம் கட்டுவது கூத்தில் தொடங்கியதல்ல. நம் இலக்கியத்தின் மையமான இடத்திலேயே ஒரு ஸ்திரீபார்ட் இருக்கிறது. அகத்திணைப் பாட்டில் தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், செவிலி பேசுவாள். எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பக்தி இயக்கத்தில் நம்மாழ்வார் பராங்குச நாயகியாகிறார், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகிறார். கண்ணனைக் காதலனாக்கிப் பாடும்போது பாரதி நாயகியாகிறார். இந்த நீண்ட மரபில் பெண்ணின் ஏக்கம், பசலை, காத்திருப்பு எல்லாம் ஆண்குரலில் செம்மைப்பட்டு, கடைசியில் ‘பெண் என்றால் இப்படித்தான் உணர்வாள்’ என்ற இலக்கணமாகிவிட்டது.

இலக்கணம் என்று சும்மா சொல்லவில்லை. தொல்காப்பியக் களவியல் ஆணுக்குப் பெருமையையும் உரனையும் கொடுத்துவிட்டு, பெண்ணுக்கு அச்சம், நாணம், மடம் மூன்றையும் வைத்தது. பயிர்ப்பு பின்னால், உரைகள் வழியாக வந்து ஒட்டிக்கொண்டது. அதே தொல்காப்பியத்தின் பொருளியல், பெண்ணுக்குரியவற்றின் பட்டியலில் அறிவையும் சேர்த்துச் சொல்கிறது. மேடைதோறும் நாற்குணத்தை முழங்கிய தமிழறிஞர்கள் இந்த இடத்தை ஏன் முழங்கவில்லை? எது மரபாக நினைவில் நிற்கவேண்டும், எது ஏட்டோடு கிடக்கவேண்டும் என்று தீர்மானிப்பதும் அதிகாரம்தான்.

இந்த ஸ்திரீபார்ட் வாரப் பத்திரிகைக் காலத்தில் வெறும் வியாபார உத்தியாக இறங்கி வந்தது. ரங்கராஜன் தன் மனைவி பெயரில் சுஜாதா ஆனார். ஸ்ரீவேணுகோபாலன், புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் எழுதினார். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. எதிர்ப்பக்கத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். துவரங்குறிச்சியில் வீட்டுக்குள் அடைக்கப்பட்ட ஒரு பெண், எழுதுவது குடும்பத்துக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக சல்மா என்கிற பெயருக்குள் ஒளிந்துகொண்டு கவிதை எழுதினார். ஆண் பெண்பெயர் வைத்துக்கொண்டால் அது கவர்ச்சி. பெண் வேறு பெயர் வைத்துக்கொண்டால் அது தலைமறைவு. ஒரே செயல்தான், ஆனால் கொடுக்கும் விலை ஒன்றல்ல.

அந்த வேஷத்தைச் சபைநடுவிலேயே கலைத்த ஆண் எழுத்தும் உண்டு. புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ (1943) அப்படி ஒன்று. சீதையை அக்கினியில் இறங்கச் சொன்னான் ராமன் என்று கேட்ட மாத்திரத்தில், அவன் காலடி பட்டு மனுஷியான அகலிகை மறுபடி கல்லாகிப் போகிறாள். ராமன் தந்த விமோசனத்தையே திருப்பி எறிகிறாள். அற்புதமான எதிர்ப்புதான். ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம். ஆண் கற்பனையில் பெண்ணுக்கு வாய்க்கிற உச்சபட்ச எதிர்ப்பு, கல்லாகிப் பேசாமல் போவதுதானா? அகலிகை எழுந்து நடந்துபோனால் எங்கே போயிருப்பாள் என்று யோசிக்க நமக்கு இன்னும் நாற்பது வருஷம் பிடித்தது.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ (1988) அந்த யோசனையைத் தொடங்கி வைத்த பிரதிகளில் ஒன்று. அதில் ஜீஜீ என்கிற மாமியார் அடிமை அல்ல. இருட்டுச் சமையலறையின் ராணி. சாவிக்கொத்து, நகை, யாருக்கு என்ன பரிமாறுவது என்கிற அதிகாரம் எல்லாம் அவள் கையில். இந்த ராஜ்ஜியத்தைத்தான் பலம் என்று நினைத்து ஏமாந்தோம் என்று மருமகள் மீனாட்சி கண்டுகொள்கிறாள். அழுகிற பெண்ணைப் பார்த்தே பழகிய நம் வாசிப்புக்கு ஆளுகிற பெண்ணின் தோல்வியைக் காட்டியது அந்தக் கதை. எந்த நாயகி வேஷத்திலும் அடங்காத பெண் அவள்.

குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு 2002இல் வந்தது. அதையொட்டி எழுந்த கூச்சல் நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சொல் சங்கப் பாட்டில் இருக்கிறது, காப்பியத்தில் இருக்கிறது, தேவாரத்தில் இறைவியின் பெயரிலேயே இருக்கிறது. இரண்டாயிரம் வருஷமாக ஆபாசமாகத் தெரியாத சொல், அந்த உடம்பை உடையவள் தானே சொன்னதும் ஆபாசமாகிவிட்டது. தமிழ்ப் பண்பாட்டுக்குக் காயம் பட்டது சொல்லால் அல்ல. ஸ்திரீபார்ட்டுக்கு ஆண் நடிகன் இருக்கும்போது நிஜப்பெண் சபைக்குள் வந்துவிட்டாளே என்பதுதான் காயம்.

3

நாடகக் கம்பெனிகளின் கதை இதற்கு இன்னொரு சாட்சி. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் கம்பெனிகளில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள்தான் சீதை, சாவித்திரி, வள்ளி. மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால் ஸ்திரீபார்ட் போய்விடும். தி.க. சண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’ (1972) அந்த உலகத்தை உள்ளிருந்து சொல்கிற புத்தகம். ஔவையாராக நடித்து நடித்து அவர் பெயரே ஔவை சண்முகம் ஆனது. சிவாஜி கணேசன் சிறுவனாகச் சீதை வேஷம் கட்டியவர்.

சிவாஜியின் உடம்பில் இந்த ஸ்திரீபார்ட் பயிற்சி கடைசிவரை இருந்தது என்பது என் துணிபு. உதடு துடிப்பது, கழுத்து சாய்வது, அழுகை தொண்டையில் ஏறி நிற்பது இதெல்லாம் வேறு எங்கிருந்து வந்திருக்க முடியும்? ‘பாசமலர்’ (1961) அண்ணன், தமிழ்ச் சினிமா அனுமதித்த பெண்மைகொண்ட ஆண். ஆனால் அந்த அனுமதிக்கு நிபந்தனை உண்டு. தாய்க்காக, தங்கைக்காக, குடும்ப கௌரவத்துக்காக அவன் அழலாம். மனைவியை அடித்துவிட்டுக் குற்ற உணர்வில் அழுத கதாநாயகனை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மறுபக்கம் எம்.ஜி.ஆர். அவருடைய உடம்பும் சண்டையும் வெற்றியும் எப்படி ஒரு அரசியல் பிம்பமாகத் திரண்டன என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வந்த ஆங்கில நூலில் விரிவாக எழுதிவிட்டார். நான் சேர்க்க விரும்புவது ஒன்றே ஒன்று. அழுகிறவரை நாம் ‘நடிகர்’ என்றோம், அடிக்கிறவரைத் ‘தலைவர்’ என்றோம். பெண்மை சேர்ந்தால் அது நடிப்பு. ஆண்மை மட்டும் நடிப்பல்ல, இயல்பு. இந்தப் பாகுபாட்டில்தான் சூதே இருக்கிறது. வேஷம் என்று ஒன்றை ஒத்துக்கொள்வதன் மூலம் இன்னொன்றை வேஷமில்லை என்று நம்ப வைக்கிறோம்.

கே.பி. சுந்தராம்பாளையும் இங்கே சொல்லியாக வேண்டும். கிட்டப்பா 1933இல் இறந்தபின் வெள்ளைச் சேலைக்குப் போனவர், ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்று நின்றுவிட்டவர். 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாகவே நடித்தார். அதற்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம், அந்தக் காலத்தில் கேள்விப்படாத தொகை. ஒரு விதவை, தீண்டாதவன் என்று ஒதுக்கப்பட்ட ஆணாகத் திரையில் நிற்கிறாள். அடுத்து அவர் பெயர் சொல்லும் பெரிய படம் ‘ஔவையார்’ (1953). மேடையில் ஆண் கட்டிய ஔவையைத் திரையில் பெண் கட்டினார். ஆனால் எந்த நிபந்தனையில்? ஆணாக நடி, இல்லையென்றால் கிழவியாக நடி. நடுவில் இருக்கிற வயசு, ஆசை, உடம்பு எதுவும் உனக்குக் கிடையாது. பெண் சபைக்கு வர இந்தச் சமூகம் வைத்த வாசல் அவ்வளவு குறுகலானது.

4

இனி ராஜபார்ட்.

தமிழில் ‘ஆண்மை’ ஒரு விசித்திரமான சொல். ஆண் என்பதோடு ‘மை’ சேர்ந்தாலும் ஆண்மை. ஆள் என்பதோடு ‘மை’ சேர்ந்தாலும் ஆண்மை. வேளாண்மை, மேலாண்மை, இல்லாண்மை என்பதிலெல்லாம் இருப்பது ஆளுகிற ஆண்மை. ஆணாக இருப்பதும் ஆளுவதும் ஒலியில் ஒன்றாகிப்போன மொழி நம்முடையது. பிறன்மனை நோக்காமையை வள்ளுவர் பேராண்மை என்கிறார். அடக்கமே ஆண்மை என்ற வகையில் அது உயர்ந்த எண்ணம்தான். ஆனால் அங்கேயும் பெண் ‘பிறன்’ ஒருவனுடைய மனையாகத்தான் இருக்கிறாள். அவள் விரும்புகிறாளா இல்லையா என்ற கேள்வி அங்கே எழவில்லை.

இந்தச் சொல்லையே ஒழிக்கவேண்டும் என்று சொன்னவர் பெரியார். பெண் விடுதலை பற்றி 1920களின் இறுதியிலிருந்து குடிஅரசில் அவர் எழுதியவற்றில் மிகக் கடுமையானது ஆண்மை அழியவேண்டும் என்கிற கட்டுரை. ஆண்மை என்ற சொல்லுக்கு மதிப்பு இருக்கும்வரை பெண்மைக்கு மதிப்பு இருக்காது என்பது அவர் வாதம். அவர் வழிவந்தவர்கள் கற்பு பற்றிய அவருடைய கேள்விகளை மடித்து வைத்துவிட்டு 1964இல் ‘பூம்புகார்’ எடுத்தார்கள், 1968இல் கடற்கரையில் கண்ணகிக்குச் சிலை வைத்தார்கள். அந்தச் சிலை 2001இல் அகற்றப்பட்டதும் 2006இல் திரும்ப வைக்கப்பட்டதும் எவ்வளவு பெரிய கௌரவப் பிரச்சினையாக இருந்தன! போர்க்களத்துக்கு மகனை அனுப்பும் புறநானூற்றுத் தாய், நீதி கேட்கும் பத்தினி. இவர்கள் இரண்டு பேரும்தான் திராவிட மேடையின் ஸ்திரீபார்ட். வீரப்பெண்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒருத்தி மகனுக்காக வீரம், இன்னொருத்தி புருஷனுக்காக வீரம். தனக்காகச் சிலம்பை உடைத்தவள் யாரும் இல்லை.

சினிமாவில் ராஜபார்ட்டின் வேலை அடங்காத பெண்ணை அடக்குவது. ‘பட்டிக்காடா பட்டணமா’ (1972) படத்தில் கணவன் கையில் சாட்டை. ‘மன்னன்’ (1992) படத்தில் தொழிற்சாலை நடத்தும் முதலாளிப் பெண் கடைசியில் கணவனை வேலைக்கு வழியனுப்பும் மனைவியாகிறாள். ‘படையப்பா’ (1999) நீலாம்பரி அடங்கவே மாட்டேன் என்று செத்துப்போகிறாள். அதனால்தானோ என்னவோ பெண்கள் அவளை மறக்கவில்லை. இதெல்லாம் எல்லோரும் எழுதியதுதான். எனக்கு அதிகம் உறுத்துவது ‘புதிய பாதை’ (1989). கெடுத்தவனையே தேடிப்போய்க் கட்டிக்கொண்டு திருத்துகிறாள் ஒருத்தி. பார்த்திபனின் அந்தப் படத்தைப் புரட்சிகரமான படம் என்று பேசியவர்களில் நானும் ஒருவன். ஒரு பலாத்காரத்தை இன்னும் நன்றாக முடித்து வைக்கக்கூடிய ஒரு தாலியாக எப்படிப் பார்த்தேன்? பெண் பட்ட துயரம் ஆண் திருந்துவதற்கான கச்சாப்பொருள் என்பதை எந்தச் சங்கடமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். பெரியப்பாவின் சபையில் அழுதவர்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

‘அவள் அப்படித்தான்’ (1978) மட்டும் அந்தக் காலத்திலேயே வேறு மாதிரிப் பார்த்தது. பெண்களை வெளிப்படையாக இழிவாகப் பேசும் தியாகுவைவிட, பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் முற்போக்கு அருண்தான் ருத்ரய்யாவின் குறி. மஞ்சுவைப் புரிந்துகொண்டதாக நினைக்கும் அவன், கடைசியில் பெண் விடுதலை என்றால் என்னவென்றே தெரியாத ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். அருண் நம்மவன். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவன், இதில் எழுதுகிறவன்.

5

ராஜபார்ட்டுக்கு மீசை வேண்டும். அந்த மீசை எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

‘தேவர் மகன்’ (1992) சக்திவேல் லண்டன் படிப்பும் காதலியுமாக ஊருக்கு வருகிறான். அப்பா செத்தபின் முறுக்கிய மீசையும் வேட்டியுமாக அவர் இடத்தில் வந்து அமர்கிறான். மணமேடையில் கைவிடப்பட்ட பஞ்சவர்ணத்துக்குத் தாலி கட்டுகிறான். அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. காதலி பானு விலகிப்போகிறாள். வன்முறை வேண்டாம் என்று பேசுகிற படம்தான். ஆனாலும் ஒருவன் ஆணாவது என்பது அதில் தன் சாதிக்குத் திரும்புவதுதான். அதே காலத்தில் ‘சின்னக் கவுண்டர்’ (1992), ‘எஜமான்’ (1993), ‘நாட்டாமை’ (1994) என்று வரிசையாக வந்தன. அம்பேத்கர் நூற்றாண்டையொட்டித் தலித் அரசியல் எழுந்துகொண்டிருந்த அதே வருஷங்களில், ஊர்ப் பெரியவனின் மீசையும் துண்டும் திரையில் பெருத்துக்கொண்டே போனது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

2017இல் குஜராத்தின் லிம்போதரா கிராமத்தில் மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டதாகப் புகார் எழுந்தபோது, நூற்றுக்கணக்கான தலித் இளைஞர்கள் முறுக்கிய மீசையோடு தங்கள் படத்தைப் போட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எங்கள் ஊரில் எங்கள் சனம் பெரிய தெருவில் மீசையை முறுக்கிக்கொண்டு போகமுடியாத காலத்தை நான் பார்த்திருக்கிறேன். பெரியப்பாவுக்கு அந்தப் பிரச்சினையே வரவில்லை. வேஷத்துக்காகத் தினமும் மழித்துக்கொண்டார். கலை என்று நாங்கள் பெருமைப்பட்டது, ஊருக்கு வசதியாகவும் இருந்திருக்கிறது. மறுக்கப்பட்ட ஆண்மையைக் கேட்பது நியாயமான உரிமைப் போராட்டம் என்று எனக்குத் தெரியும். கேட்டு வாங்கியபின் அந்த மீசையை எந்த வீட்டுக்குள் கொண்டுபோகப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

பாமாவின் ‘சங்கதி’ (1994) இதைத் திறந்து பேசியது. வெளியே பண்ணையாரிடம் காட்டமுடியாத ஆம்பளத்தனத்தை வீட்டுக்குள் பெண்டாட்டியிடம் காட்டுகிறார்கள் என்று சேரிப் பெண்களின் வாய்மொழியிலேயே எழுதினார். என் பெரியப்பாவை நான் புரிந்துகொண்டது அந்தப் புத்தகத்தைப் படித்தபின்தான். கிணற்றடியில் ‘டி’ என்று கேட்டதை வீட்டில் ‘டீ’ என்று கத்தித் தீர்த்துக்கொண்டிருக்கிறார். புரிந்துகொண்டேன் என்றால் மன்னித்தேன் என்று அர்த்தமில்லை. மன்னிக்க வேண்டியவள் நான் இல்லை, பெரியம்மா.

இருபத்து நான்கு வருஷம் கழித்து ‘பரியேறும் பெருமாள்’ (2018). சட்டக் கல்லூரியில் அப்பாவை அழைத்துவரச் சொன்னால் பரியன் வேறொருவரை அப்பாவாக நடிக்கக் கூட்டிப்போகிறான். நிஜ அப்பா கூத்தில் பெண்வேஷம் கட்டி ஆடுகிறவர். பின்னால் அந்த அப்பா கல்லூரிக்கு வரும்போது சாதிவெறிப் பையன்கள் அவர் வேட்டியை உருவ, அவர் நடுரோட்டில் ஓடுகிறார். தியேட்டரில் என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. சபையில் துகில் உரியும்போது கிருஷ்ணன் புடவை தந்தான். ரோட்டில் வேட்டி உரியும்போது யாரும் எதுவும் தரவில்லை. ஆறாம் வகுப்பில் ‘உங்க பெரிப்பா பொம்பள வேசங் கட்டுறவராமே’ என்று கேட்ட பையன்களிடம் ‘அவரு எங்க பெரிப்பா இல்ல, தெரிஞ்சவரு’ என்று சொன்னவன் நான். தமிழ்ச் சினிமாவில் முதன்முறையாக என் வெட்கத்தைப் பார்த்தேன். மாரி செல்வராஜுக்கு அந்த நன்றி எனக்கு உண்டு.

நன்றியோடு சேர்த்து ஒரு சண்டையும் உண்டு. ஜோதிமகாலட்சுமிக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது. தன் வீட்டு விசேஷத்தில் பரியனை அடித்ததும், அவனைக் கொல்லப் பார்த்ததும் அவளுக்கு மறைக்கப்படுகிறது. அவள் அப்பா மறைக்கிறார், பரியனும் மறைக்கிறான், படமும் மறைக்கிறது. கடைசியில் இரண்டு ஆண்கள் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு டீ டம்ளர்கள், நடுவில் ஒரு மல்லிகைப்பூ. எவ்வளவு அழகான சட்டகம்! அந்தப் பூ யார்? தன்னைக் காரணமாக வைத்து நடந்த கொலை முயற்சியைத் தெரிந்துகொள்ளும் உரிமைகூட இல்லாதவள். ‘பாவம், அவள் மனசு உடையும்’ என்பது அன்புதான். அறியாமையைப் பெண்ணுக்கு அணிகலனாக்கிய மடம் என்கிற பழைய குணமும் இதே அன்பின் பெயரில்தான் வந்தது. பெண்வேஷம் கட்டும் அப்பாவுக்கு இவ்வளவு கண்ணியம் தந்த படத்தில் பெண்ணுக்குத் தகவல் தரவில்லை. என் பெரியம்மா கேட்ட கேள்வி இங்கேயும் நிற்கிறது.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) இன்னொரு கோணம். பிள்ளையில்லாத காளி ஊராரின் பேச்சில் ஒவ்வொரு நாளும் ஆண்மை இழக்கிறான். பொன்னாவும் அவனும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த ஆசை எதற்கும் கணக்கில்லை. ஆணும் பெண்ணும் ஓருடம்பாக நிற்கும் திருச்செங்கோட்டு மலையடியில் இந்தக் கதை நடக்கிறது. 2014 இறுதியில் கிளம்பிய எதிர்ப்பில் ‘எங்கள் பெண்களை அவமானப்படுத்திவிட்டான்’ என்று கத்தினார்கள். உண்மையில் அந்த நாவல் தொட்டது வேறு இடத்தை. வாரிசு பெற்றால்தான் ஆண் என்கிற சாதிப் பெருமையின் அடிமடியில் அது கை வைத்தது. 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளன் பக்கம் நின்றது. தீர்ப்பு வந்தாலும் அந்தப் பெருமை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

6

கடைசியாக நம் வீட்டுச் சங்கதிக்கு வருகிறேன்.

பல வருஷத்துக்கு முன் ஒரு குடிநீர்ப் பிரச்சினைக்காக நாங்கள் ஒரு போராட்டம் நடத்தினோம். மனு மேல் மனு கொடுத்தும் அதிகாரி அசையவில்லை. அந்த ஆளுக்கு வளையலும் புடவையும் பார்சல் அனுப்புவது என்று முடிவெடுத்தோம். ‘ஆம்பளையா இருந்தா பதில் சொல்லு’ என்று சுவரொட்டி. வாசகம் எழுதியவன் நான். ராத்திரி முழுக்க அந்தச் சுவரொட்டியை ஊரெல்லாம் ஒட்டியவர்களில் ஒரு பெண் தோழரும் இருந்தார். காலையில் பசை காய்ந்த கையோடு வந்து கேட்டார்: ‘தோழர், வளையல் போட்டா கையாலாகாதவன்னு அர்த்தம்னா, நேத்து ராத்திரி இத ஒட்டுன கை யாருது?’ எங்களில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஒருத்தர் மட்டும், ‘இதெல்லாம் ஒரு பேச்சு வழக்குதானே தோழர், பெரிசு பண்ணாதீங்க’ என்றார். பார்சலும் போனது. குழாயில் தண்ணி வந்ததா என்றால், கொஞ்ச நாள் வந்தது.

பேச்சு வழக்குதான். பேடி, பொட்டை, ஒன்பது என்பதெல்லாம் பேச்சு வழக்குதான். ஆண்மையற்ற அரசு என்று தலையங்கம் எழுதுவதும் அப்படித்தான். அரசுக்கு ஆண்மை இல்லாமல் இருப்பதா பிரச்சினை? நம் மேடைகளில் எதிரியைத் திட்டுவதற்கு இருக்கிற சொற்களைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் பெண்ணையோ திருநங்கையையோ மிதித்துக்கொண்டுதான் எதிரியை எட்டும்.

திருநங்கையரைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். என் பெரியப்பாவை ஊர் சகித்துக்கொண்டதற்குக் காரணம், விடிந்ததும் அவர் அரிதாரத்தைத் துடைத்துவிடுவார் என்பது. துடைக்க மறுத்தவர்களை ஊர் விட்டுவைக்கவில்லை. அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் கூத்தாண்டவர் கதையைச் சாமியாகக் கும்பிட்டுக்கொண்டே, அந்தத் தாலியைக் கட்டிக்கொள்கிறவர்களை வீட்டைவிட்டு விரட்டியிருக்கிறோம். ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’ (2005), லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் சரவணன் வித்யா’ (2007) ஆகிய புத்தகங்கள் வந்தபின் தெரியாது என்று சொல்ல நமக்கு வாய் கிடையாது. நலவாரியம் 2008இல் வந்தது, உச்சநீதிமன்றத் தீர்ப்பு 2014இல் வந்தது. சினிமாவில் நகைச்சுவைக் காட்சிக்கு இழுத்துவரும் வழக்கம் அதற்குப் பிறகும் சட்டென்று நின்றுவிடவில்லை. விடியும்வரை மட்டும் அனுமதிக்கப்படுவது கலை. விடிந்தபிறகும் தொடர்ந்தால் அது வாழ்க்கை. இந்தச் சமூகம் பயப்படுவது இரண்டாவதற்குத்தான்.

ஆக, பெரியம்மாவின் கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இவ்வளவுதான். பெண்வேஷம் கட்டுவதால் ஆண் மாறிவிடுவதில்லை. பெண்ணின் துயரத்தை அழகாக அழத் தெரிவதும் மாற்றம் ஆகாது. ஸ்திரீபார்ட் எவ்வளவு வேஷமோ அவ்வளவு வேஷம்தான் ராஜபார்ட்டும் என்று தன் மீசையைத் தொட்டு ஒப்புக்கொள்கிற இடத்தில்தான் ஏதாவது தொடங்கும். பெரியப்பா கழற்றாமல் வீட்டுக்குக் கொண்டுவந்த வேஷம் திரௌபதி அல்ல, புருஷன்.

காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் 2020 வரை நடந்த கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் பையன்களோடு சேர்ந்து கூத்துக் கற்றார்கள். புஜக்கட்டையும் கிரீடமும் வைத்த கட்டை வேஷங்களைப் பெண்கள் கட்டி ஆடுவதைப் பார்த்தபோது பெரியம்மாவிடம் வந்து சொன்னேன். அப்போது பெரியப்பா செத்து வருஷக்கணக்காகிவிட்டது. அவருடைய சவுரிமுடி இருந்த தகரப்பெட்டியில் அவள் அரிசி போட்டு வைத்திருந்தாள். ‘பொண்ணு துரியோதனன் வேசங் கட்டுதா?’ என்று கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு கேட்டாள்: ‘கட்டிட்டு வூட்டுக்குப் போனா அந்தப் பொண்ணுக்கு யார்றா சோறு ஆக்கி வெச்சிருப்பாங்க?’

எனக்குப் பதில் தெரியவில்லை. தோழர்கள் யோசியுங்கள். அடுத்த போராட்டத்துக்கு வாசகம் எழுத உட்காரும்போதாவது.